ஆங்கிலப் பின்னொட்டுகள்: புதுச் சொல்லை ஆக்குபவை எவை, இருக்கும் சொல்லைத் திரிப்பவை எவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னொட்டில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். அடிப்படை வேறுபாடு என்ன?

‘எழுத்தாளர்களை’ என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: எழுத்து, ஆளர், கள், ஐ. ‘ஆளர்’ சேர்ந்ததும் புதிய சொல் பிறக்கிறது. எழுத்து வேறு, எழுத்தாளர் வேறு. அகராதியில் இரண்டுக்கும் தனித்தனி இடம். ‘கள்’ளும் ‘ஐ’யும் அப்படியல்ல. எத்தனை பேர், வாக்கியத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்பதைத்தான் அவை சொல்கின்றன. எந்த அகராதியிலும் ‘எழுத்தாளர்களை’ என்று ஒரு பதிவு இருக்காது.

ஆங்கிலத்திலும் இதே பிரிவுதான். ‘ரைட்டர்ஸ்’ என்பதில் ‘ரைட்’ அடிச்சொல். ‘-அர்’ அதிலிருந்து புதுச் சொல்லை ஆக்குகிறது. அது ஆக்கப் பின்னொட்டு. ‘-ஸ்’ பன்மை காட்டுகிறது. அது திரிபுப் பின்னொட்டு. குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இந்த ஒட்டைக் கேட்டது வாக்கியமா, பேசுபவரின் சொல்தேவையா? ‘டூ’ என்ற எண் முன்னால் நின்றால் ‘ரைட்டர்ஸ்’ என்று பன்மை போட்டே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. ‘ரைட்டர்’ என்ற சொல்லே வேண்டாம் என்றால் ‘ஆதர்’ என்று வேறு சொல்லால் சமாளிக்கலாம். இலக்கணம் கட்டாயப்படுத்துவது திரிபு.

திரிபுப் பின்னொட்டுகள் எத்தனை?

இன்றைய ஆங்கிலத்தில் 8 என்பது வழக்கமான கணக்கு.

- பெயர்ச்சொல்லுக்கு 2: பன்மை ‘-ஸ்’ (புக்ஸ்), மேற்குறியோடு (அபாஸ்ட்ரஃபி) வரும் உடைமை ‘-ஸ்’ (கிங்ஸ் கிரவுன்).
- வினைச்சொல்லுக்கு 4: நிகழ்காலப் படர்க்கை ஒருமை ‘-ஸ்’ (ரைட்ஸ்), இறந்தகால ‘-எட்’ (வாக்ட்), ‘ஹேவ்’ போன்ற துணைவினையோடு வரும் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் ‘-என்’ அல்லது ‘-எட்’ (ரிட்டன், வாக்ட்), ‘-இங்’ (ரைட்டிங்).
- பெயரடைக்கு 2: ஒப்பீட்டு ‘-அர்’ (ஸ்மாலர்), உச்ச ‘-எஸ்ட்’ (ஸ்மாலஸ்ட்).

சில நூல்கள் 7 என்று சொல்லும், அதுவும் தவறல்ல. உடைமை ‘-ஸ்’ ஒரு சொல்லோடு ஒட்டாமல் முழுத் தொடரோடும் ஒட்டும் என்பதே காரணம். ‘தி கிங் ஆஃப் இங்கிலாந்த்ஸ் கிரவுன்’ என்ற தொடரில் கிரீடம் ராஜாவுடையது, ஒட்டு நிற்பதோ இங்கிலாந்தின் மேல். அதனால் அதைப் பின்னொட்டுக் கணக்கிலிருந்து நீக்குபவர்கள் உண்டு.

ஆக்கப் பின்னொட்டுகளுக்கு இப்படி முடிந்த கணக்கு கிடையாது. நூற்றுக்கு மேல் உண்டு, புதிதாகவும் சேர்கின்றன.

சொல்வகை மாறினால் ஆக்கம், மாறாவிட்டால் திரிபு என்று படித்தேன். சரியா?

பாதிதான் சரி. சொல்வகை மாறினால் அது ஆக்கம் என்று நம்பலாம். மாறாவிட்டால் திரிபு என்று முடிவு கட்டக் கூடாது. ‘ஃப்ரெண்ட்’ பெயர், ‘ஃப்ரெண்ட்ஷிப்’பும் பெயர். ‘சைல்ட்’, ‘சைல்ட்ஹுட்’, ‘கிங்’, ‘கிங்டம்’, ‘பியானோ’, ‘பியானிஸ்ட்’ எல்லாமே பெயரிலிருந்து பெயர்தான். ‘கிரீன்’, ‘கிரீனிஷ்’ இரண்டும் பெயரடை. ஆனாலும் இவை அனைத்தும் ஆக்கம்தான். தேர்வுகளில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது.

நம்பகமான சோதனைகள் வேறு. ஒன்று, பரவல்: திரிபுப் பின்னொட்டு தன் வகைச் சொற்கள் அனேகமாக எல்லாவற்றோடும் சேரும்; எந்த வினைக்கும் ‘-இங்’ போடலாம், ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற சில துணைவினைகளைத் தவிர. ‘-மென்ட்’டை அப்படி எல்லா வினைக்கும் போட முடியாது. இன்னொன்று, பொருள்: பன்மை எங்கு வந்தாலும் பன்மைதான். ‘-ஏஜ்’ அப்படியல்ல, ‘மேரேஜ்’ ஒரு நிலை, ‘போஸ்டேஜ்’ ஒரு கட்டணம், ‘ஆர்ஃபனேஜ்’ ஓர் இடம்.

இரண்டும் ஒரே சொல்லில் வந்தால் எது முதலில்?

ஆக்கம் உள்ளே, திரிபு வெளியே. ‘கவர்ன்’, ‘கவர்ன்மென்ட்’, ‘கவர்ன்மென்ட்ஸ்’ என்ற வரிசையை மாற்றி ‘கவர்ன்ஸ்மென்ட்’ என்று சொல்லவே முடியாது. தமிழிலும் ‘எழுத்துகளாளர்’ வராததற்கு இதே காரணம். ஆக்க ஒட்டுகள் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம்: ‘நேஷன்’, ‘நேஷனல்’, ‘நேஷனலைஸ்’, ‘நேஷனலைசேஷன்’. ஒவ்வொரு படியிலும் சொல்வகை மாறுவதைக் கவனியுங்கள்: பெயர், பெயரடை, வினை, மறுபடி பெயர்.

திரிபு ஒட்டோ ஒரு சொல்லுக்கு ஒன்றுதான். தமிழில் ‘கள்’ளும் ‘ஐ’யும் அடுத்தடுத்து வரும். ஆங்கிலத்தில் பன்மையும் உடைமையும் சேர்ந்தால்கூட ‘பாய்ஸ்’ என்பதில் ஒரே ‘-ஸ்’தான் ஒலிக்கும், எழுத்தில் மேற்குறி மட்டும் கடைசிக்கு நகரும்.

விதிவிலக்குகள் மிகக் குறைவு. ‘பெட்டர்மென்ட்’, ‘வர்சன்’, ‘லெசன்’ (குறை என்ற வினை) ஆகியவற்றில் ஒப்பீட்டு வடிவத்தின் மேல் ஆக்க ஒட்டு ஏறியிருக்கிறது.

‘டஸ் நாட் கோஸ்’, ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தவறு?

ஒரு வினைத்தொடரில் காலத்தையும் இடத்தையும் (தன்மை, முன்னிலை, படர்க்கை) காட்டும் திரிபு ஒரே ஒரு முறைதான் வரும். அதையும் முதல் வினையே சுமக்கும். ‘டஸ்’ஸில் ‘-ஸ்’ ஏறிவிட்டது, ‘டிட்’டில் இறந்தகாலம் ஏறிவிட்டது. அடுத்த வினை வெறும் அடிச்சொல்லாக நிற்க வேண்டும்: ‘டஸ் நாட் கோ’, ‘டிட் நாட் கோ’. ‘மோர் பெட்டர்’ தவறாவதும் இதே வகையில்தான். ‘பெட்டர்’ ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவம்.

தமிழ் பேசுவோர் ‘ஹி கோ’ என்று ‘-ஸ்’ஸை விட்டுவிடுவதற்கும் விளக்கம் உண்டு. தமிழ் வினை எல்லா இடத்துக்கும் முடிவை மாற்றும்: வருகிறேன், வருகிறாய், வருகிறான். ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை மட்டும்தான் மாறும், மற்றவை வெறுமையாக நிற்கும். ஐந்து இடத்தில் ஒன்றும் சேர்க்காமல் பழகிய நாக்கு ஆறாவது இடத்திலும் சேர்க்க மறந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே இந்த ‘-ஸ்’ தாமதமாகத்தான் வருகிறது. உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்வில் 3 குழந்தைகள் 14 இலக்கண உருபுகளைக் கற்ற வரிசையைக் காட்டினார். ‘-இங்’ முதலிடத்தில் இருந்தது, பன்மை ‘-ஸ்’ அதையடுத்து முன்வரிசையில் வந்தது, வினையின் ‘-ஸ்’ பின்வரிசையில் இருந்தது.

ஒரே பின்னொட்டு இரண்டு வகையிலும் வருகிறதே, எப்படிப் பிரிப்பது?

ஆங்கிலத்தில் உண்மையிலேயே கடினமான பகுதி இதுதான். ஒட்டின் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

‘-அர்’: ‘டீச்சர்’ என்பதில் ஆக்கம் (வினை ஆளாகிறது), ‘ஸ்மாலர்’ என்பதில் திரிபு. அடிச்சொல் வினையா, பெயரடையா என்று பார்த்தாலே விடை வந்துவிடும்.

‘-இங்’: ‘தே ஆர் பில்டிங் எ பிரிட்ஜ்’ என்பதில் திரிபு. ‘எ டால் பில்டிங்’ என்பதில் ஆக்கம். முன்னால் ‘எ’ அல்லது பெயரடை வந்து, பின்னால் பன்மை ‘-ஸ்’ ஏற்குமானால் (பில்டிங்ஸ்) அது முழுப் பெயர்ச்சொல்.

‘-எட்’: ‘ஷி குளோஸ்ட் தி டோர்’ திரிபு. ‘ஷி இஸ் வெரி இன்ட்ரஸ்டட்’ என்பதில் பெயரடை. ‘வெரி’ சேர்த்துப் பாருங்கள், ஏற்றால் பெயரடை. இங்கேயே ஒரு பிழையைத் தவிர்த்துவிடலாம்: ‘போர்ட்’ என்றால் சலிப்படைந்தவர், ‘போரிங்’ என்றால் சலிப்பூட்டுவது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவன் என்று ஆகிவிடும்.

‘-என்’: ‘ரிட்டன்’ திரிபு, ‘கோல்டன்’ பெயரிலிருந்து பெயரடை, ‘வைடன்’ பெயரடையிலிருந்து வினை, ‘ஆக்சன்’ (எருதுகள்) பழைய பன்மை. ஒரே ஒலிக்கு நான்கு வேலை.

‘-லி’: பெயரடையோடு சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை (குயிக்லி), பெயரோடு சேர்ந்தால் பெயரடை (ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி). ஆகவே ‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ தவறு. ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர்ச்சொல் ஆக்க ‘-நெஸ்’, ‘-இட்டி’, ‘-மென்ட்’, ‘-ஷன்’ இவற்றில் எதைப் போடுவது என்று எப்படித் தெரியும்?

முழு விதி கிடையாது. ஆனால் சொல்லின் கடைசியில் ஏற்கெனவே ஓர் ஆக்க ஒட்டு இருந்தால், அடுத்து வருவதை அதுவே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த இணைப்புகளைத்தான்.

வினையில்: ‘-ஐஸ்’ வந்தால் ‘-ஐசேஷன்’ (மாடர்னைசேஷன்), ‘-இஃபை’ வந்தால் ‘-இஃபிகேஷன்’ (சிம்ப்ளிஃபிகேஷன்), ‘-ஏட்’ வந்தால் ‘-ஏஷன்’ (க்ரியேஷன்). பெயரடையில்: ‘-ஏபிள்’ வந்தால் ‘-எபிலிட்டி’, ‘-ஃபுல்’, ‘-லெஸ்’, ‘-இஷ்’ வந்தால் ‘-நெஸ்’. ‘-அஸ்’ மட்டும் இரண்டு பக்கமும் போகும்: ‘கியூரியாசிட்டி’, ‘ஜெனராசிட்டி’ ஒருபுறம், ‘நெர்வஸ்நெஸ்’ மறுபுறம். இந்தக் குழுவைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஒட்டில்லாத வெறும் வினைகளை (‘அரைவ்’ – ‘அரைவல்’, ‘அக்ரீ’ – ‘அக்ரிமென்ட்’, ‘டிசைட்’ – ‘டிசிஷன்’) ஒவ்வொன்றாகத்தான் கற்க முடியும். அவற்றை வினையோடு சேர்த்து ஜோடியாகவே குறித்துவைப்பது நல்லது.

பெயரடைக்கு எந்த ஒட்டு என்று தெரியாத அவசரத்தில் ‘-நெஸ்’ பாதுகாப்பானது. இன்றும் தாராளமாகப் புதுச்சொல் ஆக்கும் ஒட்டு அது. பழக்கத்தில் இல்லாத சொல் வந்தாலும் படிப்பவருக்குப் பொருள் புரியும்.

விதிப்படி ஆக்கிய சொல் ஏன் சில நேரம் ஏற்கப்படுவதில்லை?

அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு சொல் உட்கார்ந்திருக்கும். ‘ஸ்டீல்’ (திருடு) என்பதிலிருந்து ‘ஸ்டீலர்’ ஆக்குவதில் இலக்கணத் தடை இல்லை. ‘தீஃப்’ இருப்பதால் அது வேரூன்றவில்லை. ‘குளோரியஸ்’ஸிலிருந்து ‘குளோரியாசிட்டி’ பிறக்காததற்குக் காரணம் ‘குளோரி’ இருப்பது. மொழியியலில் இதைத் தடுப்பு என்பார்கள். திரிபிலும் இது உண்டு: ‘வென்ட்’ இருப்பதால் ‘கோட்’ வராது, ‘மைஸ்’ இருப்பதால் ‘மவுசஸ்’ வராது.

எதிர்ச்சொல் ஜோடிகளிலும் இந்த இடைவெளி தெரியும். ‘கேர்ஃபுல்’, ‘கேர்லெஸ்’ சரியான ஜோடி. ‘பியூட்டிஃபுல்’ இருக்கிறது, ‘பியூட்டிலெஸ்’ வழக்கில் இல்லை. ‘ப்ரைஸ்லெஸ்’ என்றால் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. விலைமதிப்பற்றது என்று பொருள். தமிழ்ச் சொல்லிலும் ‘அற்ற’ அப்படியே நிற்பதால் நமக்கு இது எளிதில் நினைவில் நிற்கும்.

ஒட்டுச் சேரும்போது ஸ்பெல்லிங் எப்போது மாறும்?

கீழே எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறோம்.

கடைசியில் ஒலிக்காத ஈ இருந்து, ஒட்டு உயிரெழுத்தில் தொடங்கினால் ஈ போகும்: ‘ஹோப்’, ‘ஹோப்பிங்’. ஒட்டு மெய்யில் தொடங்கினால் ஈ நிற்கும்: ‘ஹோப்ஃபுல்’. சி, ஜி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் ஈ மட்டும் ‘-ஏபிள்’, ‘-அஸ்’ வந்தாலும் நிற்கும்: ‘நோட்டீசபிள்’, ‘கரேஜஸ்’. அந்த ஈ போய்விட்டால் சி ‘க’வாகவும் ஜி வல்லினமாகவும் ஒலித்துவிடும், அதைத் தடுக்கத்தான் ஈ காவலுக்கு நிற்கிறது. விதியை மீறுபவை: ‘ட்ரூலி’, ‘ஆர்கியுமென்ட்’. இரண்டிலும் ஈ கிடையாது.

மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அது ஐ ஆகும்: ‘ஹேப்பி’, ‘ஹேப்பினெஸ்’. ஒட்டு ‘-இங்’ என்றால் ஒய் மாறாது (ஸ்டடியிங்). இரண்டு ஐ அடுத்தடுத்து வருவதை ஆங்கிலம் தவிர்க்கும். உயிருக்குப் பின் வரும் ஒய்யும் மாறாது: ‘எஞ்ஜாய்மென்ட்’. ‘பெய்ட்’, ‘செட்’ (சொன்னான்), ‘லெய்ட்’, ‘டெய்லி’ ஆகியவை விலக்கு.

இரட்டிப்பில்தான் பிழை அதிகம். ஓரசைச் சொல்லில் ஓர் உயிர், அடுத்து ஒரே மெய் என்றால், உயிரில் தொடங்கும் ஒட்டுக்கு முன் மெய் இரட்டிக்கும்: ‘ஸ்டாப்ட்’ என்பதில் இரண்டு பி. டபிள்யூ, எக்ஸ், ஒய் ஒருபோதும் இரட்டிக்காது. ஈரசைச் சொல்லில் அழுத்தம் (ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது) கடைசி அசையில் இருந்தால்தான் இரட்டிப்பு: ‘பிகினிங்’ என்பதில் இரண்டு என், ‘ஓப்பனிங்’, ‘விசிட்டிங்’ என்பவற்றில் ஒற்றை என், ஒற்றை டி. ‘ட்ராவல்’ போன்ற சொற்களில் பிரிட்டிஷ் முறை எல் எழுத்தை இரட்டிக்கும், அமெரிக்க முறை ஒற்றை எல்லோடு விடும். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மேலும் மூன்று: ‘-ஃபுல்’ ஒட்டில் ஒரே எல், ‘-ஃபுல்லி’ ஆனால் இரண்டு எல். ‘-இக்’ கடைசியில் வந்தால் வினையடைக்கு ஏ, எல், எல், ஒய் சேர்க்க வேண்டும் (பேசிக்கலி). ‘பப்ளிக்லி’ மட்டும் வெறும் எல், ஒய். ‘பேனிக்’, ‘பிக்னிக்’ ஆகியவற்றோடு ‘-இங்’, ‘-எட்’ சேரும்போது இடையில் ஒரு கே நுழையும்.

‘-ஸ்’, ‘-எட்’ இரண்டையும் எப்படி உச்சரிப்பது?

தொண்டையில் விரல் வைத்து அடிச்சொல்லின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். அதிர்வு இல்லாவிட்டால் ‘-ஸ்’ மெல்லிய எஸ் ஒலி (‘கேட்ஸ்’), அதிர்ந்தால் இசட் ஒலி (‘டாக்ஸ்’). சீறும் ஒலிகளில் முடிந்தால் தனி அசையாக ‘இஸ்’ சேரும்: ‘பஸ்’, ‘பஸ்ஸிஸ்’.

‘-எட்’டும் அப்படியே. அதிர்வில்லாத ஒலிக்குப் பின் ‘டென்’ (பத்து) சொல்லின் முதல் ஒலி, அதிர்வுள்ளதற்குப் பின் ‘டாக்’ (நாய்) சொல்லின் முதல் ஒலி, சொல் ஏற்கெனவே அந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் ‘இட்’ என்ற புது அசை. ‘வாக்ட்’ ஓரசைதான், ‘வாக்கெட்’ என்று ஈரசையாக்குவது நம்மிடையே பரவலான பிழை. ‘வான்டிட்’ ஈரசை. ‘நேக்கிட்’, ‘விக்கிட்’ போன்ற சில பெயரடைகள் விதிக்கு வெளியே நின்று ‘இட்’ என்றே ஒலிக்கும்.

1958இல் மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ ஒரு பறவை போன்ற உருவத்தைக் குழந்தைகளிடம் காட்டி, அதற்கு ‘வக்’ என்று இல்லாத பெயரைச் சொல்லி, இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் இசட் ஒலியோடு சரியாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் முன்பு கேட்டிருக்கவே முடியாது. ஒலிவிதி மனத்தில் விதியாகவே பதிகிறது என்பதற்கு இன்றும் காட்டப்படும் சான்று இது.

பின்னொட்டு அழுத்தத்தையும் மாற்றுமா?

சில மாற்றும். ‘-இக்’, ‘-இட்டி’, ‘-ஷன்’, ‘-இயன்’ வந்தால் அழுத்தம் ஒட்டுக்கு முந்தைய அசைக்கு நகரும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாம் அசையில். உயிரொலியும் மாறலாம்: ‘சேன்’, ‘சேனிட்டி’ இரண்டிலும் முதல் உயிர் ஒன்றல்ல. ‘எலக்ட்ரிக்’ முடிவிலுள்ள ‘க்’ ஒலி ‘எலக்ட்ரிசிட்டி’யில் ‘ஸ்’ ஆகிவிடும். ‘-நெஸ்’, ‘-லெஸ்’, ‘-ஃபுல்’, ‘-ஹுட்’ எதையும் அசைக்காது. திரிபு ஒட்டுகளும் அழுத்தத்தைத் தொடாது.

‘-ஏபிள்’, ‘-இபிள்’, ‘-இஆர்’, ‘-ஓஆர்’: எழுத்தில் எது சரி?

ஒட்டை நீக்கிப் பார்த்தால் முழுச் சொல் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் பெரும்பாலும் ஏ போட்டு எழுதுவது (ரீடபிள்). ‘விசிபிள்’, ‘பாசிபிள்’ போல மிஞ்சாவிட்டால் பெரும்பாலும் ஐ. ‘சென்சிபிள்’, ‘அக்செசிபிள்’, ‘டைஜெஸ்டிபிள்’ ஆகியவற்றை விலக்காக நினைவில் வையுங்கள். புதிதாக ஆக்கப்படும் சொற்கள் எல்லாமே ஏ வகை. ஐ வகை லத்தீனிலிருந்து வந்த மூடிய பட்டியல்.

‘-ஏட்’ வினைகளுக்கு ஆள்பெயர் ஓ, ஆர் (க்ரியேட்டர், ஆபரேட்டர்). மற்றவற்றுக்கு இ, ஆர் என்று தொடங்கி, ‘ஆக்டர்’, ‘விசிட்டர்’, ‘எடிட்டர்’ போன்றவற்றை விலக்காகக் கற்கலாம்.

தேர்வில் அடைப்புக்குள் அடிச்சொல் கொடுத்து, பொருத்தமான வடிவம் கேட்கிறார்கள். எப்படி அணுகுவது?

முதலில் அடிச்சொல்லைப் பார்க்காமல் வெற்றிடத்தைப் பாருங்கள். முன்னால் ‘தி’, ‘ஹிஸ்’ இருந்து பின்னால் ‘ஆஃப்’ இருந்தால் பெயர், ‘எ’வுக்கும் பெயருக்கும் நடுவே என்றால் பெயரடை, வினையை விவரித்தால் வினையடை. அடுத்து, ஆளா, கருத்தா என்று கேளுங்கள்: ‘எம்ப்ளாய்’ என்பதிலிருந்து வேலை கொடுப்பவர் ‘எம்ப்ளாயர்’, வேலை செய்பவர் ‘எம்ப்ளாயீ’, வேலை நிலை ‘எம்ப்ளாய்மென்ட்’.

பிறகு வாக்கியம் எதிர்மறை கேட்கிறதா என்று முழுவதையும் படியுங்கள். பலர் ‘கேர்ஃபுல்லி’ என்று சரியான சொல்வகையைப் போட்டுவிட்டு, வாக்கியம் விபத்தைப் பற்றியது என்பதைக் கவனிக்காமல் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்; அங்கே ‘கேர்லெஸ்லி’ வர வேண்டும். ஆக்கம் முடிந்த பின்தான் திரிபு: பெயர் வந்தால் பன்மை வேண்டுமா என்று வினையைப் பாருங்கள், ஆனால் ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றுக்குப் பன்மை ‘-ஸ்’ கிடையாது. பெயரடையில் ஒப்பீடு வேண்டுமென்றால், ‘-ஃபுல்’, ‘-லெஸ்’, ‘-ஏபிள்’ ஏறிய சொற்கள் ‘-அர்’ ஏற்பதில்லை. ‘மோர் கேர்ஃபுல்’ என்றுதான் வரும். கடைசியாக ஸ்பெல்லிங்.

இந்த ஒட்டுகள் எங்கிருந்து வந்தன? புதிதாக இன்னும் பிறக்கின்றனவா?

‘-நெஸ்’, ‘-ஹுட்’, ‘-ஷிப்’, ‘-டம்’, ‘-ஃபுல்’, ‘-லெஸ்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. இவற்றில் சில ஒருகாலத்தில் தனிச்சொற்களாக இருந்தவை. ‘-மென்ட்’, ‘-ஏஜ்’, ‘-ஏபிள்’, ‘-இட்டி’ போன்றவை 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வழியாக நுழைந்தவை. முதலில் பிரெஞ்சுச் சொற்களோடு முழுதாக வந்தன. பிறகு ஆங்கில வேர்களோடும் ஒட்டத் தொடங்கின. ‘ரீடபிள்’ சொல்லில் வேர் ஆங்கிலம், ஒட்டு பிரெஞ்சு.

தவறாகப் பிரித்ததால் பிறந்தவையும் உண்டு. ‘ஹாம்பர்கர்’ என்பது ஹாம்பர்க் நகரத்தின் பெயரோடு ‘-அர்’ சேர்ந்தது. அதை ‘ஹாம்’, ‘பர்கர்’ என்று பிரித்துக் கேட்டதால் ‘சீஸ்பர்கர்’ வந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். பட்டாணிக்கு முன்பு ‘பீஸ்’ என்பதே ஒருமை. அதன் ‘ஸ்’ஸைப் பன்மை ஒட்டு என்று நினைத்து நீக்கியதால் ‘பீ’ பிறந்தது. ‘எடிட்டர்’ முதலில் வந்த சொல். அதன் கடைசியில் இருப்பது ஆள்காட்டும் ஒட்டு என்று கொண்டு, அதை நீக்கி ‘எடிட்’ என்ற வினையைப் பின்னால் ஆக்கினார்கள்.